சி.டி.யில் தெரியாத காயம்

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து டிராம்பேக்கு ஏழு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டியவள் கோகிலவாணி. ஒரு மழைநாளில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி கவிழ்ந்தது. பக்கக் கம்பியில் தலை மோதி, அங்கேயே வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஓட்டக் கிளம்பினாள்.

மூன்று சவாரிகளோடு போய்க்கொண்டிருந்தபோது அது நடந்தது. தினமும் பார்க்கிற கடைகள்தான். போர்டுகளைப் படிக்கவும் முடிந்தது. ஆனால் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. "தீதி, கிதர் ஜா ரஹீ ஹோ?" எங்கே போகிறாய் அக்கா என்று பின்னாலிருந்து ஒருத்தி இந்தியில் கத்தினாள். கோகிலவாணி ஓரமாக நிறுத்தினாள். சவாரிகள் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். விக்ரோலியில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த புருஷன் ராஜபாண்டிக்குப் போன் போட்டாள்.

"இந்தாருங்க, நான் எங்க நிக்கேன்னு தெரியல."

"வெளாடாதட்டி."

"வெளாடல. சத்தியமாத் தெரியல."

அவள் குரலைக் கேட்டு அவன் பயந்துபோனான். "பக்கத்துல யாருட்டயாச்சும் போனைக் குடு" என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்மஜா தமிழிலேயே பேசினார், தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவைச் சேர்ந்தவர். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சாதித்தாள் கோகிலவாணி. டாக்டர் ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். அவளும் திருப்பிச் சொன்னாள். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன.

"முன்னாடி சொன்ன அஞ்சு வார்த்தையும் ஞாபகம் இருக்கா?"

"ஊசி..." அவள் உதட்டைக் கடித்தாள். "ஊசி மட்டுந்தான் வருது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுதா டாக்டர்?"

"இல்லம்மா. ரொம்பச் சின்ன காயம்னா சி.டி.யில தப்பிடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடுவோம்."

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தடதடவென்று சத்தம். வெளியே வரும்போது மகள் பேர் மறந்திருந்தால்? கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மு, அம்மு" என்று முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டே கிடந்தாள்.

படத்தில் கடுகு சிதறினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் நுண்ணிய ரத்தக்கசிவுகள்.

"இது போயிருமா?" என்று ராஜபாண்டி கேட்டான்.

"புள்ளி அப்படியே இருக்கலாம். ஆனா நிறையப் பேர் தேறிடறாங்க. இவங்க எவ்வளவு தேறுவாங்கன்னு இப்ப சொல்ல முடியாது. தேறுற வரைக்கும் வண்டி ஓட்டவே கூடாது."

ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சிகள் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் மறுபடி சோதித்தபோது கடிகாரம் சரியாக வந்தது. புதிதாகச் சொன்ன ஐந்து வார்த்தைகளில் நான்கு நினைவிருந்தன. இனி மெல்ல ஓட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அவள் இன்னும் ஓட்டவில்லை. விக்ரோலியில் ஒரு கேன்டீனில் காய் நறுக்கப் போகிறாள், ராஜபாண்டியோடு ஒரே பஸ்ஸில். யாராவது ஒருவர் பேர் சட்டென்று வராவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறாள். "எல்லாருக்கும் மறக்கத்தான செய்யும்" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பேர் நினைவுக்கு வரும்வரை அவளுக்கு மூச்சு சீராக வருவதில்லை.