சத்தம் போடாத வேகம்

பழைய சின்னக் கார்களுக்குக் கைக்கு அடக்கமான செலவில் வேகம் ஏற்றித் தருவது எங்கள் தொழில். ஏற்றிய வேகத்தை ஓட்டிப் பார்க்கப் போன மனுஷன் வீடு திரும்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதில் என் பங்கு. இப்போதுதான் ஒரு சத்தம். 'டப்'. ஆலங்குளம் ரோட்டுப் பக்கம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அக்காவும் வெளியே நின்று வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாசிப் பக்கம் 'டப்' என்று கேட்டால் எல்லோரும் முதலில் வானத்தில் புகை தேடுவோம். இருட்டிய பிறகு பட்டாசு கம்பெனியில் வேலை கிடையாது என்று புத்திக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. "ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாகளா?" என்றார் அக்கா. வரவில்லை. போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது. தீபாவளி சீசன் நேரம், பகலெல்லாம் லோடு லாரிகள். ரோடு காலியாவதே இந்நேரம்தான். எஞ்சினுக்குள் பொறி விழும் டைமிங்கை மாற்றி வைத்த ஒரு பழைய கார்புரேட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு, "பிக்கப் எப்படி இருக்குன்னு பாத்துட்டு ஓடியாந்துருதேன்" என்று போனவர்.

கதவை வெறுமனே சாத்திவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயில் வருவது கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம். உள்ளறையில் படுத்திருக்கும் மாமியார் காதில் விழாமல் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்காரரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு விழித்திருக்கும் சகோதரிகளே, ஒர்க்‌ஷாப் கல்லாவில் உட்கார்ந்து நான் கண்டதையும் கேட்டதையும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போகும்.

டிக்கிக்குள் பன்னிரண்டு மாதம்

அச்சாபீஸ் அண்ணாச்சி ஒருவர், பதினைந்து வயதான காரோடு வந்தார். "பிக்கப்பே இல்ல தம்பி. மேம்பாலம் ஏறுறதுக்குள்ள சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான். புது எஞ்சின் வச்சிருவமா?" என்றார். என் வீட்டுக்காரர் எஞ்சினைத் தொடவே இல்லை. டிக்கியைத் திறந்தார். உள்ளே காலண்டர் கட்டுகள். பின்சீட்டுக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். கொடுத்ததுபோக மிஞ்சியதெல்லாம் வருஷா வருஷம் அங்கேயே தங்கிவிட்டிருந்தது.

எல்லாவற்றையும் இறக்கி என் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கினார். என் உயரத்துக்கு வந்தது. அடைத்துப்போயிருந்த ஏர் பில்டரையும் பிளக்குகளையும் மாற்றி, டயருக்குச் சரியான காற்று பிடித்தார். அவ்வளவுதான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த அண்ணாச்சி, அந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். "அப்ப இத்தன வருஷமா நான் போன வருஷத்தத்தான் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சனாம்மா?"

முதலில் நிற்கட்டும்

எம். புதுப்பட்டி மாமா ஒருவர். மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. தோட்டத்துக்குப் போய்வர வைத்திருக்கும் பழைய வண்டி பறக்க வேண்டும் என்று வந்தார். என் வீட்டுக்காரர் பிரேக்கும் டயரும்தான் முதலில் மாற்றுவேன் என்று நின்றார். "ஏலே, ஓடுறதுக்கு மருந்து கேட்டா நிக்கிறதுக்கு வைத்தியம் பாக்கியே! நிக்கிறதுக்கு நான் வீட்டுலயே நிப்பாட்டிருக்க மாட்டனா?" என்று கடையே கேட்கக் கத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பை நிறையச் சோளக்கதிரோடு வந்தார். உட்காரவில்லை. நின்றிருந்த ஸ்கூல் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை குறுக்கே ஓடி வந்ததாம். கல்லாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுருச்சு தாயி."

விஸ்வநத்தம் தம்பி

காலேஜ் முடித்த பையன். வெளியூரில் எங்கேயோ போய் உறுமுகிற சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'டப்' என்று வெடிக்கும். அதுதான் ஸ்டைலாம். மத்தியானம் அதோடு ஊருக்குள் நுழைந்திருக்கிறான். அவன் அப்பா பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சத்தம் கேட்டதும் அம்மா போட்டது போட்டபடி கம்பெனியைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார். அம்மாவை ஏற்றிக்கொள்ளலாம் என்று இவன் காரிலேயே பின்னால் போயிருக்கிறான். வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் 'டப்'. ஒவ்வொரு 'டப்'புக்கும் அம்மா இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார்.

மறுநாள் காலை நாங்கள் கடை திறக்கும் முன்பே, பழைய சைலன்சரைப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து எங்கள் கடையில் சத்தம் கூட்டுகிற சாமான் எதுவும் மாட்டுவதில்லை. பழையதைத் திரும்ப மாட்ட என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு அவரிடம் சொன்னான். "கால்ல செருப்புகூட இல்லாம ஓடுச்சுண்ணே. கம்பெனி கேட்டுல அப்பாவப் பாத்ததும் 'சாப்பிட்டீகளா'ன்னு மட்டுந்தாண்ணே கேட்டுச்சு."

பச்சை விளக்கு

என்னைக் கடையில் 'டீச்சரம்மா' என்பார்கள், இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதால். அந்தப் பெருமையில் நானே ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினேன். வண்டியில் சொருகினால் பவர் கூடுமாம், பெட்ரோல் குறையுமாம். வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்தார். உள்ளே மின்னி மின்னி எரிகிற ஒரு பச்சை விளக்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பழைய பேட்டரியில் இணைத்துத் தொட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டார். பல் முளைக்கிற வேதனையில் வீல் என்று கத்திக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்தபடியே அதைப் பார்த்தாள். இந்த நிமிஷம்கூட அது மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்னது: "ஒரே நொடியில அழுகைய நிப்பாட்டிருச்சு பாரு புள்ள. இம்புட்டு பவர் எந்த வண்டியில இருக்கு?"

இதை எழுதி முடிக்கும்போது வெளியே டயர் மண்ணில் நெரிபடும் சத்தம். எஞ்சின் சத்தம் இல்லை. ஜன்னலைத் திறந்தேன். ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் வண்டியில். காரைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஆலங்குளம் ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் முக்கிலிருந்து தனியாளாகத் தள்ளியிருக்கிறார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்.

"ஸ்டார்ட் பண்ணி வரவேண்டியதுதானே? இங்க நான் செத்துப் பொழச்சேன்" என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டேன்.

"டைமிங் ஒத்துவரல. ஸ்டார்ட் பண்ணுனா மறுபடி டப்புங்கும். தெருவே எந்திரிச்சு வானத்தப் பாக்குமே புள்ள. ஒருதரம் பயமுறுத்துனது பத்தாதா?"

எதிர்வீட்டில் அப்போதுதான் விளக்கு அணைந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் வேகம் ஏற்றித் தருகிற மனுஷன் தன் வீட்டுக்கு மட்டும் நடைவேகத்தில்தான் வந்து சேருவார் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் உள்ளே வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.