வெள்ளிக்கிழமை ஒரு மணி வேலை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் கலீலுல்லா பாய் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்காள் ஜன்னதுல் பிர்தௌஸுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை சர்புதீன். மாமன் மகள் ஜீனத்துன்னிசாவையே கட்டிக்கொண்டு மாமன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்காள் மகனும் அவனே, மகளைக் கட்டியவனும் அவனே. கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுக்க அவன் பொறுப்பு.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அந்தக் கடைதான் பழக்கம். மலையில் தகர வீடு. மழை ஒழுகும், கரையான் ஏறும். அதனால் சாதிச் சான்று, பட்டா, பள்ளிக்கூடத்து டி.சி. என்று எது கையில் இருந்தாலும் ஸ்கேன் பண்ணிக் கடை சர்வரில் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். சர்புதீனும் பெருமையாகச் சொல்லுவான்: "வாரா வாரம் தானா இன்னொரு டிஸ்க்குல காப்பி ஆயிடும். உங்க வூட்ட விட இங்க ஜாஸ்தி பத்திரம்."

தானாக ஆகும்படி அவன் ஏற்பாடு செய்திருந்தது நிஜம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு சர்வரில் உள்ளதெல்லாம் வெளி டிஸ்க்குக்குக் காப்பி ஆக வேண்டும்; அது முடிந்ததும் வேண்டாத குப்பை அழிய வேண்டும்; பிறகு டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்தில் இந்த வேலை ஓடினால் மெஷின் மந்தமாகி ஆட்கள் சத்தம் போடுவார்கள். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும் நேரம்தான் தோது என்று அந்த நேரத்தைக் குறித்தான்.

கலீலுல்லா பாய் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்காமல் பூட்டியதில்லை. பக்கத்து ஜவுளிக்கடை கரண்டு கோளாறில் எரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு வழக்கம். வெள்ளிதோறும் பன்னிரண்டரைக்கு அவர் கை மேலே போகும், 'டக்' என்று சத்தம் வரும், சர்புதீன் ஷட்டரை இழுப்பான். யு.பி.எஸ். பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கும். இரண்டு மணிக்கு வந்து மறுபடி போடுவார்கள். தவறிப்போன வேலையை மெஷின் எழுந்ததும் செய் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவன் டிக் போடவில்லை. காப்பி ஆனதா என்று மூன்று வருஷத்தில் ஒரு நாளும் திறந்து பார்க்கவுமில்லை.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வரின் டிஸ்க் கரகரத்து நின்றது. பயப்படாமல்தான் வெளி டிஸ்க்கைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு காப்பி. சரிபார்க்கிறேன் என்று ஆரம்பத்தில் அவனே கையால் எடுத்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த 'டக்' சத்தத்தை எத்தனை வெள்ளி பக்கத்திலேயே நின்று கேட்டிருப்பான்!

அந்த வாரமே பெரியம்மாள் வந்தாள். மலைக்காரி, கூலி வேலை. புருஷன் காசிநாதன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தான். மகள் எழில்மதிக்கு நர்சிங் சீட்டுக் கிடைக்கிற மாதிரி இருந்தது. சேர்க்கை நாளுக்குள் சாதிச் சான்று காட்ட வேண்டும். அதற்கு அப்பன் வழியில் ஒருத்தருடைய பழைய சான்று வேண்டும். காசிநாதனுடைய சான்று மழையில் கரைந்துவிட்டது. கடையில் இருக்கிறது என்ற தைரியத்தில் வந்தாள்.

"பாயி, எங்க வூட்டுக்காரர் காகிதத்த எடுத்துக் குடு. ஆபீசுல கேக்கறாங்க."

சர்புதீன் நாக்கு முந்திக்கொண்டது. "சர்வர் பிராப்ளம்க்கா. அடுத்த வாரம் வாங்க."

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. சர்வர் பிராப்ளம் என்றால் ஊரில் யார்தான் கேட்பார்கள்? ஒரு நாள் கூலியை விட்டு வந்தவள் வெறுங்கையாகப் பஸ் ஏறினாள். அடுத்த வாரமும் வந்தாள்; அப்போதும் அதையே சொன்னான். கெட்ட டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தான். ஒன்றும் தேறாது என்று திரும்பி வந்தது.

சர்புதீன் நடந்ததை வீட்டில் சொன்னான். விஷயத்தைக் கேட்ட ஜீனத்துன்னிசா, "மச்சான், எங்கத்தா மெயின இறக்கறது கள்ளக்குறிச்சிக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்."

"அப்போ மெஷின் மேல இன்னா தப்பு? அந்தப் பொண்ணுக்கு இன்னும் எத்தினி நாள் இருக்குது?"

"ஒம்போது நாள்."

"இன்னிக்கே போய்ச் சொல்லுங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினான். பெரியம்மாள் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டான். "சர்வர் பிராப்ளம்னு சொன்னது பொய்க்கா. காகிதம் போயிடுச்சு. என் தப்புதான்."

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு வாரமா என்ன அலைய வச்சியே பாயி, அப்பவே சொல்லக் கூடாது?"

சர்புதீன் கேட்டான், "அண்ணன் தம்பி யாரோடதாவது இருந்தா போதுங்களே?"

இருந்தது. காசிநாதனின் அண்ணன் வேடியப்பனிடம் இருந்தது. ஆனால் பெரியம்மாளின் மாமியார் சாவில், 'ஆத்தாளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தாதவ' என்று வேடியப்பன் சபையில் சொல்லிவிட்டான். இவள்தான் மூன்று மாசம் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளியவள். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி வந்து ஆறு வருஷம் ஆகிறது.

"நீங்க வர வேணாம்க்கா, நான் கேக்கறன்" என்று, பைக்கில் வேடியப்பன் ஊர் வரை கூட்டிப்போய் அவளை ரோட்டோரத்தில் உட்கார வைத்துவிட்டு சர்புதீன் போனான்.

வேடியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஏம் பாயி, உன் கம்ப்யூட்டரு தின்னுடுச்சா? குடுக்கறன். ஆனா அவ வந்து கேக்கட்டும்."

"தப்பு என்னுதுங்க. அவங்கள ஏன்..."

"உனக்கும் எனக்கும் இன்னா சண்ட? அவள வரச் சொல்லு."

சர்புதீன் ரோட்டோரத்துக்குத் திரும்பினான். பெரியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"மாமா, பொண்ணு படிப்புக்கு உங்க சான்று வேணும்."

"இன்னா? காதுல வுழல."

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலை ஏற்றி மறுபடி சொன்னாள். "உங்க தம்பி பொண்ணு படிக்கணும் மாமா. சான்று குடுங்க." சர்புதீன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த இரண்டாவது தடவைதான் அவனுக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வேடியப்பன் பெண்சாதி பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்துவந்து கொடுத்தாள். பெரியம்மாளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் சர்புதீன் கையை நீட்டினான். "குடுங்கக்கா, காப்பி எடுத்து நாளைக்கே..."

"வேணாம் பாயி. என் கையில இருக்கட்டும். நானே ஆபீசுக்கு எடுத்துக்கினு போறன்." கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். பைக்கிலும் ஏறவில்லை, பஸ்ஸுக்காக நின்றாள்.

எழில்மதிக்கு நாலு நாள் மீதி இருக்கும்போது சான்று கிடைத்தது; கடலூர்ப் பக்கம் நர்சிங் சேர்ந்துவிட்டாள். சர்புதீனுக்கு அதனால் பாரம் குறையவில்லை. மூன்று வருஷத்துக் காகிதம் என்றால் இருநூறு வீட்டுக்கு மேல். வேடியப்பன் வீட்டுக்குப் போன அன்றைக்கே, மலை இறங்கியதும் கச்சிராயபாளையம் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். போனில் இருந்த பெயர்களில் மேலே இருந்தது வெள்ளிமலை ஊர்க்காரி அமிர்தம்.

"அக்கா, ஜெராக்ஸ் கட சர்புதீன் பேசறன். உங்க பட்டா ஒரிஜினல் கையில இருக்குதா பாருங்க... இல்லீங்க, எங்கிட்ட இல்ல. நான் தொலச்சுட்டன்."

அவள் திட்டட்டும் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டே நின்றான்.