படகுத்துறைவரை வந்த கோழிகள்

என் நாவல்கள் எல்லாமே நான் பிறந்த சிறு தீவைப் பற்றியவை. சாங்கிக் கரையிலிருந்து படகில் போகவேண்டும். அப்பா அங்கே கல் குவாரியில் வேலை பார்த்தார். அரசாங்கம் எங்களைத் தீவிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாற்றியபோது எனக்கு ஐந்து வயது. இன்று நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிற என்னிடம், அந்த நாட்களைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பும் இல்லை.

முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில், புறப்படும் நாளன்று அம்மா கோழிக்கூட்டைத் திறந்துவிடுகிறாள். கோழிகள் படகுத்துறைவரை பின்னால் வருகின்றன. அவள் திரும்பிப் பார்க்காமல் படகில் ஏறுகிறாள். அது என் கற்பனை. புத்தகம் வந்ததும் அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

“கோழி பின்னாடியே வந்துச்சா? பொய்க்கும் ஒரு அளவு இல்லையாடி? எல்லாத்தையும் சமைச்சாச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவருதான் ஹலாலா அறுத்துக் கொடுத்தாரு, அப்பதான் அவங்களும் சேந்து சாப்பிட முடியும்னு. கம்பத்து ஆளுங்க, ஊரு சனம் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டாங்க. நீ ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்ன!”

நான் சிரித்தேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கும்போது சொல்ல அக்கா இருப்பாள் என்றிருந்தேன்.

இந்த ஆண்டு அந்த விருந்தை எழுத உட்கார்ந்தேன். தான் வளர்த்த கோழிகளை அம்மாவும் சாப்பிட்டாளா? பெற்றோர் இருவரும் இல்லை. அக்காவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை தேக்கா சந்தையில் கோழி வாங்கி, அம்மாவைப் போலவே மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, பிடோக்கில் அக்கா மகள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த வாசனை ஏதாவது செய்யும் என்று நம்பினேன்.

“அக்கா, தீவ விட்டு வந்த அன்னிக்கு அம்மா கோழிக்குழம்பு சாப்பிட்டாங்களா?”

“குழம்பா? அம்மா கூட்டத் திறந்து விட்டுட்டாங்க. எல்லாம் படகுத்துறை வரைக்கும் வந்துச்சு. அம்மா திரும்பியே பாக்கல.” அவள் கண் கலங்கியது.

“இல்லக்கா, அறுத்துச் சமைச்சீங்க. நீதான் சொன்ன.”

“வளத்த கோழிய எவளாச்சும் அறுப்பாளா? ஈவு இரக்கமே கிடையாதா உனக்கு?”

அக்கா மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “ஆர்கியூ பண்ணாதீங்க லா, சித்தி. சாயங்காலம் ஆனா ரொம்பப் பதறுறாங்க. உங்க புக்கத்தான் படிச்சுக் காட்டுறேன். டெய்லி அந்த லாஸ்ட் சாப்டர் வேணும். அப்பதான் தூங்குவாங்க.”

படிக்காதே என்று சொல்லாமல், சோறும் குழம்பும் தட்டில் வைத்து அக்காவிடம் எடுத்துப்போனேன்.

அக்கா ரசித்துச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள். “நல்லா இருக்கு லா. யாரு வச்சது?”

“நான்தான்க்கா.”

பிறகு குழம்பு படாத சோற்றில் ஒரு பிடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இத கோழிங்களுக்குப் போட்டுட்டு வா. படகு வந்துரும்.”

இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டேன்.