குடங்களின் வரிசையும் டீச்சரம்மாவின் தீர்ப்பும்

டீச்சரம்மா யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். வெளிக்கேட்டின் கொண்டியைப் பிடித்து ஆட்டுவார். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மணியடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? விடிந்தும் விடியாத நேரத்தில் கொண்டி ஆடியதும் என் மனைவி போர்வைக்குள்ளிருந்தே, "போங்க, உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தாச்சு" என்பாள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "தம்பி, லைன் ரெடி. எடுங்க" என்பார் டீச்சரம்மா. லைன் என்றால் மனிதர்கள் நிற்கும் வரிசை அல்ல, பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில், தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் குடங்களை நான் தினமும் படம் எடுக்க வேண்டும். இப்போது இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தத் தெருவில் இப்போது எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது, குடம் வைத்திருப்பவர்கள் அதில் செடி வளர்க்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வறட்சி ஆண்டுகளில் சென்னைக்குத் தெற்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிணறு வற்றி, போர்வெல் வற்றி, கடைசியில் மனிதர்களின் பொறுமையும் வற்றிப்போயிருந்தது. எனக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்றும் வற்றியிருந்தது. புகைப்படம் எடுக்க முடியவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது, கேமராவும் நன்றாகத்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் இதை எதற்கு எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

காரணமும் எனக்குத் தெரியும். புகைப்படச் சங்கத்தார் நாங்கள் ஞாயிறுதோறும் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போவோம். காலை வெயில் அங்கே ஒரு தூணில் சாய்வாக வந்து விழும். ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக அந்தத் தூணை எடுப்போம். மாதக் கூட்டத்தில் பார்த்தால் எல்லார் படமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை சங்கத் தலைவர் ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து ஆகா ஓகோ என்று புகழ, உறுப்பினர் ஒருவர் எழுந்து வெட்கத்தோடு கைகூப்பினார். நானும் உற்சாகமாகக் கைதட்டினேன். கூட்டம் முடிந்து படங்களைத் திருப்பி வாங்கும்போதுதான் தெரிந்தது, அது நான் எடுத்த படம். என் படம் எனக்கே தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? அன்றைக்கு பீரோவுக்குள் போன கேமரா வெளியே வரவில்லை.

அதற்குள் மச்சினன் மோப்பம் பிடித்துவிட்டான். "மாமா, சும்மாதானே கெடக்கு, எனக்குக் குடுங்களேன்" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் பீரோவைப் பார்த்துக்கொண்டே கேட்பான். அது சாதாரண கேமரா இல்லை. எடுத்த படத்தை அங்கேயே சின்னத் திரையில் பார்க்கலாம். அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த வருஷம் சங்கத்துக் கண்காட்சியில ஒரு படமாவது மாட்டுறேன். மாட்டலன்னா கேமரா உனக்கு" என்று சொல்லிவிட்டேன். மனைவி சாட்சி. சொன்ன மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. கேமராவோடு போவது கேமரா மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் சம்பளம். படம் எடுப்பதும் இல்லையென்றால் உலகத்தில் குறை மட்டும்தான் மிஞ்சும்.

ஒருநாள் விடியற்காலையில், பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, வாசலில் நின்று எதிரே இருந்த குடங்களை ஒரு படம் எடுத்தேன். அவ்வளவுதான். உள்ளே போய் காபி குடிப்பதற்குள் தெருவில் சண்டை வெடித்துவிட்டது. தெருக்கடைசியில் குடியிருந்த மீன்கார அக்காவின் பச்சைக் குடத்தை யாரோ பின்னால் தள்ளிவிட்டார்களாம். அக்கா கோவளத்துப் பக்கத்து மீனவக் குடும்பம், தாம்பரத்தில் வாக்கப்பட்டவர். கோவளத்திலிருந்து மீன் வண்டி மார்க்கெட்டுக்கு வருவதற்குள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓட வேண்டும். அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினால் தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிற வண்டியே கிளம்பிவிடும். "சாரு போட்டோ புடிச்சாரு, நான் பாத்தேன்! சார கூப்புடு! என் கொடம் எங்க கீதுன்னு அதுல பாத்துக்கலாம்!" என்றார்.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவின் திரையை வெகுநேரம் பார்த்தார். பச்சைக் குடம் ஆரஞ்சுக் குடத்துக்கு முன்னால் இருந்தது. "பச்சை முன்னாடி. ஆரஞ்சு பின்னாடி. கேஸ் முடிஞ்சுது" என்றார். ஆரஞ்சுக் குடம் பின்னால் போனது. டீச்சரம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நாளையிலேர்ந்து தினமும் எடுத்துருங்க" என்றார். எனக்கு வராது, மனசு சரியில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "மனசு சரியில்லாதவங்களுக்குத்தான் வேலை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எடுத்தேன். ஆனால் சங்கத்தில் படித்த வித்தை சும்மா இருக்குமா? தரையோடு தரையாகப் படுத்து, முதல் குடம் பெரிதாகத் தெளிவாகவும் பின்னால் உள்ளவை வண்ணப் புகைபோல மங்கியும் தெரிய ஒரு படம் எடுத்தேன். எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. தெருவே கூடி அதைப் பார்த்தது. "இன்னா சார் இது, மொத கொடம் மட்டும் பூசணிக்கா மாதிரி கீது, மத்ததெல்லாம் எங்க சார்? கண்ணாடி போட்டுகினு எடு சார்" என்றார் மீன்கார அக்கா. டீச்சரம்மா, "தம்பி, இதுக்கு நான் மார்க் போட முடியாது" என்றார். அன்று முழுக்கக் கம்பெனியில் எனக்கு வேலையே ஓடவில்லை. எவ்வளவு திமிர் இவர்களுக்கு! என் படத்தைப் பற்றி யாராவது குறை சொல்லி, அதற்காக எனக்குக் கோபம் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி நின்று எடுத்தேன். எல்லாக் குடமும் தெரிந்தது. அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு மாடிப்படியிலிருந்து. மேலேயிருந்து பார்த்தால் வரிசை நேராக இருப்பதே இல்லை. சண்டைக்காரர்களின் குடங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். சிநேகிதிகளின் குடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். முந்தின நாள் மாமியாரோடு தகராறு செய்த மருமகள் தன் குடத்தைத் தனியாக வைத்திருப்பாள். டீச்சரம்மாவின் நீலக் குடத்தில் வெள்ளைப் பெயிண்டில் அழகான கையெழுத்தில் அவர் பெயர் இருக்கும். அது எப்போதும் தெருவுக்கு நேராகத் திரும்பியே இருக்கும். கொஞ்ச நாளில், கொண்டி ஆடுவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டிருந்தேன். மனைவியிடமிருந்து முதல் காபி எனக்குத் தனியாக வந்தது.

கண்காட்சிக்குப் படம் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குடங்களின் படம் நிறைய இருந்தது. ஆனால் மாட்டக்கூடியது ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்தக் காலை வந்தது. லாரி முன்னதாகவே வந்துவிட்டது. வந்தது நிற்காமல் அடுத்த தெருவுக்குத் திரும்பப் பார்த்தது. மீன்கார அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, லாரியின் பின்படியில் ஏறி, ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்தார். குழாய் அவிழ்ந்து தண்ணீர் வில்லாக வளைந்து பாய்ந்தது. "எங்கடா போற! இங்க நாங்க மனுசங்களா இல்லியா!" என்று அக்கா வாய் கொள்ளாமல் கத்த, பின்னாலிருந்து சூரியன் எழுந்துவர, நான் வரிசையை எடுக்க வேண்டும் என்பதையே மறந்து அவரை எடுத்தேன். எடுத்த கணத்திலேயே தெரிந்துவிட்டது, மாட்ட வேண்டிய படம் இதுதான்.

லாரி நின்றது. ஆனால் அக்கா இறங்கி வந்து பார்த்தபோது பச்சைக் குடத்தின் இடத்தில் வேறு குடம் இருந்தது. டீச்சரம்மாவின் நீலக் குடம்! அக்கா என்னிடம் ஓடிவந்தார். என்னிடம் வரிசையின் படம் இல்லை. டீச்சரம்மா நிதானமாக, "ஆதாரம் இல்ல. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்று தீர்ப்பளித்தார். அன்று அக்கா பின்னால் நின்றார், மார்க்கெட்டுக்கும் பிந்திப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "ஊரையெல்லாம் புடிச்ச, என் கொடத்த வுட்டுட்டியே சார்" என்று சொன்னது நெஞ்சில் தைத்தது. இருந்தாலும், உண்மையைச் சொன்னால், நான் சந்தோஷமாக இருந்தேன்.

கண்காட்சியில் மாட்ட அனுமதி கேட்டுப் போனபோது அக்கா, "எம் மூஞ்சியப் பாக்க ஆளு வருமா? அப்ப தெருவையே இட்டுகினு வரேன்" என்றார். சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சி நடந்த கல்யாண மண்டபத்துக்குத் தெருவே வந்தது. டீச்சரம்மா சர்ச்சிலிருந்து நேராக, மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவையில் வந்தார். சங்கத் தலைவர் என் படத்தின் முன்னால் நின்று ஒளியையும் கோணத்தையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. "அய்ய, இன்னா இவ்ளோ பெருசா வாயத் தொறந்துகினு கீறேன்" என்று வெட்கப்பட்ட அக்கா, படத்தை நெருங்கிக் குனிந்தார். விரலைப் படத்தின் கீழ்மூலைக்குக் கொண்டுபோனார். "சார், இது யாரு கை?"

லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், சின்னதாக, எல்லாரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், ஒரு கை நீலக் குடத்தை முன்னே நகர்த்திக்கொண்டிருந்தது. பச்சைக் குடம் அதனால் இடிபட்டுச் சாய்ந்திருந்தது. குடத்தின் வெள்ளை எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. இதைப் பெரிதுபடுத்தி, பிரேம் போட்டு, தினமும் பார்த்து ரசித்தவன் நான். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன்! என் தலையெழுத்து, கடைசியில் மாட்டிய ஒரே படத்திலேயே தெருவின் நீதிபதியைப் பிடித்துக் கொடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டேன். மனைவி என் விலாவில் இடித்தாள்.

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வழக்கம்போல வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். "என் கைதான்" என்றார். அக்காவே அதை எதிர்பார்க்கவில்லை. "வுடு டீச்சர், எதனா அவசரமா இருந்துருக்கும்" என்று சமாதானமாக இழுத்தார். "காரணம் இருந்துச்சு. எங்கிட்ட மாட்டுன புள்ளைங்க எல்லாருக்குமே காரணம் இருந்துச்சு. ஒருத்தர் காரணத்தையும் நான் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு மண்டபத்தில் மற்ற படங்களுக்கு முன்னால் ஆளே இல்லை. தூண் படங்கள் எல்லாம் தனியாக நின்றன.

மறுநாள் காலையில் கொண்டி ஆடவில்லை. அவர் இனி வெளியே வராமல் போய்விட்டால்? கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் முதலாவதாகப் பச்சைக் குடம். கடைசியாக, எல்லாவற்றுக்கும் பின்னால், நீலக் குடம். அதன் பக்கத்தில் டீச்சரம்மா, பள்ளிக்கூடக் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோலத் தலை நிமிர்ந்து நின்றார். "எடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். இன்றைக்கு அவர் இல்லை. நான் எடுத்தவற்றில் அவர் மகள் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

அன்று லாரித் தண்ணீர் நீலக் குடத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. டீச்சரம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். மீன்கார அக்கா மார்க்கெட்டுக்குப் போகாமல் நின்றவர், தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி நீலக் குடத்தில் ஊற்றப் போனார். "வேண்டாம். தண்டனைன்னா தண்டனை" என்று டீச்சரம்மா குடத்தை நகர்த்தினார். "இன்னா டீச்சர் பேஜார் பண்றே, மீன் வண்டி வந்துடும், வாங்கிக்க!" என்று அக்கா மறுபடி சாய்த்தார். குடம் இப்படியும் அப்படியும் நகர, தண்ணீர் இருவர் புடவையிலும் ஊற்றியது. "அய்யோ, கீழ போவுது, கீழ போவுது!" என்று தெருவே அலறியது. கத்துகிறவர்கள் கத்த, டீச்சரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். கேமராவின் சத்தம் கேட்டு டீச்சரம்மா திரும்பினார்.

"தம்பி, இதெல்லாம் ஆதாரத்துக்கு வேண்டாம்!"

"ஆதாரத்துக்கு இல்லீங்க டீச்சர். இது எனக்கு" என்றேன். மெமரி கார்டில் இடமில்லை என்று கேமரா சொல்லும்வரை எடுத்தேன்.