அக்காவின் மூன்று மெயில்கள்

2005இல் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கம்பெனியின் இணையப் பெயர் நீளமானது. போனில் சொன்னால் யாருக்கும் விளங்காது. முதலாளி சின்னதாக இன்னொரு பெயர் வாங்கினார். எங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட சென்னைக் கம்பெனி அதைத் தங்கள் சர்வரோடு சேர்த்துவிட்டது. சோதனைக்கு நானே ஒரு மெயில் அனுப்பினேன், உடனே வந்தது. அன்றே மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்காவுக்குப் புது விலாசத்தை எழுதினேன்.

அதன்பின் அவளிடமிருந்து மெயிலே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் செய்வாள். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம், "நல்லா இருக்கியா?" என்பாள், அவ்வளவுதான். எனக்கும் கோபம். நானும் எழுதவில்லை.

மழை பிடித்து உப்பளங்களில் வேலை நின்றிருந்த ஒரு காலையில், சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"உங்க அக்கா மஸ்கட்ல இருக்காங்களா?"

"ஆமாங்க. ஏன்?"

"அவங்க மெயில் மூணு எனக்கு வந்திருக்குதுங்க. யாரோ தப்பா அனுப்பிட்டாங்கன்னு ரெண்ட விட்டுட்டேன். மூணாவதுல மரக்காணம்னு இருந்துச்சு. எங்க கஸ்டமர்ல அந்த ஊரு நீங்க மட்டுந்தான். படிச்சதுக்கு தப்பா நெனைக்காதீங்க."

நடந்ததை அவளே விளக்கினாள். எங்கள் புதுப் பெயரை அவர்கள் தங்கள் சர்வருக்கு ஒரு மாற்றுப்பெயராகத்தான் வைத்திருந்தார்கள். பெரும்பாலான மெயில்கள் அப்படியே எங்களுக்கு வந்துவிடும். அக்காவின் ஆஸ்பத்திரியில் இருந்தது பழைய சர்வர். அது மாற்றுப்பெயரைக் கண்டதும் விலாசத்தில் அதை எடுத்துவிட்டு அவர்கள் சர்வரின் அசல் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறது. விலாசத்தின் முன்பாதி எங்களுக்கும் அவர்களுக்கும் 'office' என்றே இருந்ததால், எங்கள் ஆபீஸ் பெட்டிக்கு வரவேண்டியது அவர்கள் ஆபீஸ் பெட்டியில் போய் விழுந்திருக்கிறது.

மூன்றையும் எனக்கு அனுப்பிவைத்தாள். முதலாவதில், கூட வேலை செய்யும் மலையாளி ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை, அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று அக்கா எழுதியிருந்தாள். இரண்டாவதில், ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தாள். மூன்றாவதில், "உனக்கும் பிடிக்கலன்னா விடு. மரக்காணம் வந்து நானே பேசிக்கிறேன்."

மஸ்கட்டுக்கு ஒரு போன் செய்துகொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "பேசும்மா" என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அக்கா, உன் மெயில் எல்லாம் இப்பத்தான் வந்துச்சு."

"பொய் சொல்ற."

"சத்தியமா. மெட்ராஸ்ல ஒரு பொண்ணுக்குப் போயிருக்குது. அந்தப் பொண்ணு படிச்சிருக்குது."

"எல்லாத்தையுமா?" என்று சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

அன்று மாலையே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பையன் நம்ம வீட்டுக் கொழம்பு சாப்புடுவானா?" என்று கேட்டாள்.

சென்னையில் மாற்றுப்பெயரை எடுத்துவிட்டு, எங்கள் பெயருக்கென்று தனியாக மெயில் வழி போட்டுக் கொடுத்தார்கள். அக்காவின் அடுத்த மெயில் நேராக எனக்கு வந்தது. கல்யாணத்துக்கு அந்தப் பெண்ணையும் கூப்பிட்டோம். அக்கா அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கூட்டிப்போய், "நம்ம விஷயம் மொதல்ல தெரிஞ்சது இவங்களுக்குத்தான்" என்றாள்.