எங்கும் நேராகாத கோடு

சுகந்தினிக்குக் கணக்குப் பைத்தியம். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிடித்தது. ஊர் திரும்பி உயிலங்குளத்தில் மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தபோதும் விடவில்லை. வீட்டிலிருந்தே கணக்கில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தாள். மெய்ப் பகுப்பாய்வு என்ற ஒன்றைத் தவிர எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்துவிட்டாள். அதை இனி ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். தவறினால் பட்டமும் இல்லை, ஆசிரியை வேலையும் இல்லை.

அவளை மறித்துக்கொண்டு நின்றது ஒரு கோடு. எங்கும் அறாமல், துண்டுபடாமல் போகும். ஆனால் எந்தப் புள்ளியிலும் அதைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு, தொடலி, வரைய முடியாதாம். வாள் பல்லுப் போல ஒரு கோடு, அதன்மேல் பாதியளவுப் பல்லு, அதன்மேல் அதிலும் பாதி, முடிவே இல்லாமல். பல்லு சிறுத்துக்கொண்டே போனால் கடைசியில் மழுங்கத்தானே வேண்டும்? இந்த இடத்தில்தான் அவளுக்கு மூளை ஓடவில்லை.

பக்கத்து வளவு பிரான்சிஸ்கா மீன் விற்பவள். அதே முகாமிலிருந்து வந்தவள். சுகந்தினி படிக்கட்டும் என்று அவளுடைய பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் சோறு போட்டவள். சுகந்தினி பரீட்சைக்கு யாழ்ப்பாணம் போவதற்கு முதல் நாள் பின்னேரம் வந்து, மெல்லச் சொன்னாள்:

"பிள்ளை, மடுக் கோயில் மாதாவிட்ட நேர்த்தி வைச்சிட்டன். நீ சொல்லிச் சொல்லி அழுற அந்தக் கோட்டை நேராக்கித் தரச் சொல்லி."

சுகந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ அக்கா, அது நேரானால் நான் பெயில். கோணலாத்தான் இருக்கோணும். அறாமல் இருந்தாக் காணும்."

பிரான்சிஸ்காவின் முகம் செத்துவிட்டது. சைவக்காரி சுகந்தினிக்கு அது பகிடி, மாதாவை நம்புகிறவளுக்கு அப்படியா?

மறுநாள் விடிய, பஸ்ஸுக்கு நின்ற சுகந்தினியின் பக்கத்தில் பிரான்சிஸ்கா மீன் பெட்டியில்லாமல் வந்து நின்றாள்.

"மடுவுக்குப் போறன். மாத்திச் சொல்லோணும். பிள்ளையளை என்ர மனுசன் பார்ப்பார், நீ யோசியாதை."

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தேவிட்டது. சுகந்தினி பல்லை வரைந்தாள்; பழைய இடத்திலேயே நின்றுபோனாள். வியாபாரத்தை விட்டுவிட்டு மாதாவுக்குத் திருத்தம் சொல்லப் போனவளை நினைத்தாள். சிரிப்பு வந்தது. பல்லை மறுபடி வரைந்து பார்த்தாள். உயரம் பாதி. அகலமும் பாதிதானே! அப்படியானால் சரிவு அதே சரிவு. எவ்வளவு சிறுத்தாலும் மழுங்காது. அதைப் பிடித்துக்கொண்டு முழு நிறுவலையும் எழுதி முடித்தாள்.

முடிவு வந்த அன்று பிரான்சிஸ்காவை வழியில், ஒழுங்கையிலேயே கட்டிப்பிடித்தாள்.

"பாஸ் அக்கா."

பிரான்சிஸ்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "முதல் சொன்னதை மாதா கேட்டிட்டாவோ எண்டு பயந்துகொண்டிருந்தனான். ரெண்டு தரம் கேட்டபடியால் ரெண்டு மெழுகுதிரி கொளுத்தோணும்."

சுகந்தினி அழுதாள். இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பது?

"நானும் வாறன் அக்கா," என்றாள். "ஒண்டை நான் கொளுத்துறன். உங்களுக்காக."