சவள் வைக்கிற பொக்கெற்

முதுகுப்பை விற்பவனிடம் வருகிறவர்கள் அளவு பார்க்க முதுகைக் காட்டுவதற்கு முன் பையின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். ரொறொன்ரோவில் மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடையில் நிற்கிறேன். கடைகளில் நிற்கும் மற்றப் பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொழும்புப் பயணம்

அஜின்கோர்ட் பக்கத்து அங்கிள் ஒருவர் மலையேறும் மருமகனுக்குப் பை வாங்க வந்தார். கடையிலேயே மிகப் பெரிய பையை எடுத்து, தோள்வரை கையை விட்டு ஆழம் பார்த்தார். ஒருநாள் ஏற்றத்துக்கு முப்பது லீற்றர் போதும், பெரிய பை பாறையில் ஆளைப் பின்னுக்கு இழுக்கும் என்றேன். விமானத்தில் நிறுப்பார்கள் என்று கிலோக் கணக்குப் பார்த்தே கொழும்புக்குப் பெட்டி கட்டிப் பழகியவர், என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மலையில ஆர் தம்பி நிறுத்துப் பாக்கப் போகினம்?"

மணல் மூட்டை

பைக்குள் மணல் மூட்டை வைத்து, வாங்குகிறவரைக் கடைக்குள் நடக்கவிடுவது எங்கள் வழக்கம். மோர்னிங்சைட்டில் இருந்து ஆரணி என்ற பிள்ளை தாயோடு வந்திருந்தாள். லிஃப்ற் இல்லாத பனிமலையில் தானே ஏறி, ஸ்கீயில் இறங்க, சிநேகிதியோடு மேற்கே போகிறாளாம். தாய்க்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை.

பாரம் தோளில் இல்லாமல் இடுப்பில் இருக்க வேண்டும் என்று பட்டியை இறுக்கிக் காட்டினேன். அந்த அன்ரி மகளிடமிருந்து பையை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு மூன்று சுற்று நடந்தார்.

"இவ்வளவு காலமும் எல்லாத்தையும் தோளிலயெல்லோ தூக்கினனான்."

முன் பொக்கெற்

பிறகு அன்ரி முன் பொக்கெற்றைத் திறந்தார். "உதுக்குள்ள மிக்சரும் வடையும் வைக்கலாம்."

"அம்மா, ப்ளீஸ். அது சவளுக்கு," என்றாள் ஆரணி, பனி அள்ளும் மடிப்புச் சவளைத் தூக்கிக் காட்டி.

தாய்மாருக்கு நான் பாதி உண்மைதான் சொல்வேன். அன்றும், "ஸ்நோ தள்ள அன்ரி," என்றேன்.

"வீட்டு வாசலில தள்ளாதவள் அங்க போய்த் தள்ளப் போறாளே?"

ஆரணி நிலத்தைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பனி சரிந்து ஆளை மூடினால் உடனே தோண்ட வேண்டும், சவளைத் தேடி நேரம் போகக்கூடாது, அதனால்தான் அந்தப் பொக்கெற்றில் வேறொன்றும் வைப்பதில்லை என்று முழுவதையும் சொன்னேன். அன்ரி மகளிடமிருந்து மடிப்புச் சவளை வாங்கி விரித்துப் பார்த்தார். வியாபாரமும் போச்சு, பிள்ளையின் பயணமும் போச்சு என்று நினைத்தேன்.

"அப்ப இவளின்ர சவள் இவளைக் காப்பாத்தாது."

"ஓம் அன்ரி. கூடப் போறவையின்ர சவள்தான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "உன்ர சிநேகிதிட்ட இருக்கோ?"

"ஆரிட்டயாவது இரவல் வாங்குவாள் அம்மா."

அன்ரி சவளை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்கும் ஒண்டு எடும். இதைவிடத் திறமானதா எடும்."

அதன்பிறகு நான் தாய்மாருக்கு முழு உண்மையையும் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறேன், மிச்ச வியாபாரத்தை என்னைவிட நன்றாக அவர்களே செய்துவிடுகிறார்கள்.